மென்பொருள் வேலைக்குப் பட்டம் வேண்டுமா? சொந்தமாகப் படித்தால் போதாதா?

"ஏ லெவல்" முடிவுகள் வந்த பிறகு, பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்த பிறகு, தேசிய சேவை முடிந்து வீடு திரும்பிய பிறகு... பல வீடுகளில் இந்தப் பேச்சு வரும்.

"எல்லாமே யூடியூப்ல இருக்கும்மா. எதுக்கு நாலு வருஷம், இவ்வளவு காசு?" என்பார் பிள்ளை.

"டிகிரி இல்லாம யாருப்பா வேலை குடுப்பா?" என்பார் அம்மா.

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிள்ளை பேசுவது கற்றுக்கொள்வதைப் பற்றி. அம்மா பேசுவது வேலை கிடைப்பதைப் பற்றி. இரண்டும் வேறு வேறு விஷயங்கள். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

பெரும்பாலோர் எப்படிக் கற்கிறார்கள்?

உலகெங்கும் உள்ள மென்பொருள் உருவாக்குநர்களிடம் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ இணையத்தளம் ஆண்டுதோறும் கருத்தாய்வு நடத்துகிறது. 2024ஆம் ஆண்டு ஆய்வில் கலந்துகொண்டோரில் 66 விழுக்காட்டினர் இளநிலை அல்லது முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள். ஆனால் நிரல் எழுதக் கல்விக்கூடத்தில் கற்றுக்கொண்டதாகச் சொன்னவர்கள் 49 விழுக்காடுதான். இணையம் வழி கற்றதாகச் சொன்னவர்களோ 10இல் 8 பேர்.

அதாவது, பட்டம் வாங்கியவர்களில் பலரும் வேலைக்குத் தேவையானதைத் தாங்களாகவே கற்றிருக்கிறார்கள். இந்தத் துறையில் சொந்தமாகப் படிக்காமல் யாரும் தப்பிக்க முடியாது. எனவே "பட்டமா, சொந்தப் படிப்பா" என்ற கேள்வியில் இரண்டாவது பாதி எப்படியும் செய்தாக வேண்டியது. முதல் பாதியும் வேண்டுமா என்பதே உண்மையான கேள்வி.

நிறுவனங்கள் சொல்வதும் செய்வதும்

"இப்போ யாரும் சர்ட்டிஃபிகேட் பாக்குறதில்ல, திறன்தான் பாக்குறாங்க" என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். அதற்கு ஆதாரமும் உண்டு. மனிதவள அமைச்சின் வேலைக் காலியிட அறிக்கைப்படி, 2023இல் ஏறத்தாழ முக்கால்வாசிக் காலியிடங்களுக்குக் கல்வித் தகுதி முக்கிய அம்சமாகக் கருதப்படவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் எல்லா வகை வேலைகளும் அடங்கும். மென்பொருள் வேலைக்கு மட்டுமான கணக்கு அல்ல அது.

மற்றொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் கழகமும் 2024இல் அமெரிக்க நிறுவனங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டன. பட்டம் கட்டாயம் என்ற விதியைப் பல நிறுவனங்கள் வேலை விளம்பரங்களிலிருந்து நீக்கியிருந்தன. ஆனால் அந்த மாற்றத்தால் உண்மையில் பயனடைந்தவர்கள், வேலைக்கு எடுக்கப்பட்ட 700 பேரில் ஒருவருக்கும் குறைவு.

விளம்பரத்தில் விதி மாறிவிட்டது. தேர்ந்தெடுப்பவரின் பழக்கம் மாறவில்லை.

ஏன்? ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் வருகின்றன. எல்லாருடைய நிரலையும் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. பட்டம் என்பது சல்லடை. நல்ல சல்லடையா என்பது வேறு விஷயம். கையில் இருக்கும் சல்லடை அதுதான். முதல் வேலைக்குத்தான் இந்தத் தடை மிகப் பெரியது. மூன்று, நான்கு ஆண்டு அனுபவம் வந்த பிறகு, "எங்க படிச்சீங்க" என்பதைவிட "அங்க என்ன செஞ்சீங்க" என்றுதான் கேட்பார்கள்.

பட்டப் படிப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

நிரல் எழுதுவதை மட்டும் கற்பதென்றால் நான்கு ஆண்டு தேவையில்லை. பைத்தான் மொழியின் அடிப்படையை இரண்டு, மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம். கணினியியல் பட்டத்தின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்திடம் 100,000 வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்கள் இருக்கின்றன. ஒரே எண் இரண்டு முறை பதிவாகியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

புதிதாகக் கற்றவருக்கு உடனே தோன்றுவது: முதல் எண்ணை எடுத்து மற்ற எல்லாவற்றுடனும் ஒப்பிடு, பிறகு இரண்டாவதை எடு, இப்படியே போ. நிரல் சரியாகத்தான் வேலை செய்யும். 100 எண்களை வைத்துச் சோதித்தால் 4,950 ஒப்பீடுகள். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். "ஓகே, வேலை முடிஞ்சுச்சு" என்று அனுப்பிவிடுவார்.

ஆனால் 100,000 எண்கள் என்றால் ஒப்பீடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 5 பில்லியன். எண்கள் ஆயிரம் மடங்குதான் கூடின. வேலையோ மில்லியன் மடங்கு கூடிவிட்டது.

வேறு வழி என்ன? முதலில் எண்களை வரிசைப்படுத்துவது. வரிசையாக நின்றால் ஒரே எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். அடுத்தடுத்த எண்களை மட்டும் பார்த்தால் போதும். வரிசைப்படுத்தச் சுமார் 1.7 மில்லியன் ஒப்பீடுகள், பக்கத்து எண்களைப் பார்க்க இன்னொரு 100,000. மொத்தம் 2 மில்லியனுக்கும் குறைவு. முதல் வழியுடன் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 2,800 மடங்கு வேலை மிச்சம்.

இரண்டு நிரல்களும் ஒரே விடையைத் தருகின்றன. எது நாளை நிறுவனத்தின் சேவையை முடக்கும், எது முடக்காது என்று முன்கூட்டியே சொல்லத் தெரிவதுதான் கணினியியல். தரவு அமைப்புகள், படிமுறைகள், இயங்குதளம், கட்டமைப்பு, தரவுத்தளம் என்று பாடத்திட்டத்தில் வரும் பெயர்களெல்லாம் இந்த வகைக் கேள்விகளுக்கான பதில்களே. மொழிகள் மாறும், இவை அவ்வளவாக மாறுவதில்லை. திரு லீ சியன் லூங் பிரதமராக இருந்தபோது, தாம் எழுதிய சுடோகுப் புதிரைத் தீர்க்கும் நிரலை 2015இல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்துகொண்டார். அவர் கேம்பிரிட்ஜில் கணிதமும் கணினியியலும் படித்தது 1970களில்! நிரலை எழுதிய சி பிளஸ் பிளஸ் மொழி அப்போது பிறக்கவே இல்லை.

இதையெல்லாம் சொந்தமாகக் கற்க முடியாதா? தாராளமாக முடியும். ஹார்வர்டின் சிஎஸ்50, எம்ஐடியின் திறந்த பாடங்கள், இந்திய ஐஐடிகளின் என்பிடெல் விரிவுரைகள் எல்லாவற்றையும் இலவசமாகவே பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், தெரியாத ஒன்றைத் தேட முதலில் அது இருக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் "முப்பது நாளில் இணையத்தளம்" என்ற காணொளிகள் கண்ணில் படும் அளவுக்கு, இயங்குதளப் பாடம் கண்ணில் படுவதில்லை. பல்கலைக்கழகமோ பிடிக்காத பாடத்தையும் பிடித்து உட்கார வைத்துச் சொல்லித் தருகிறது.

தொடங்குவது சுலபம், முடிப்பது?

சொந்தமாகப் படிப்போர் விழும் இடம் அறிவல்ல, பழக்கம். எம்ஐடியும் ஹார்வர்டும் இணையத்தில் நடத்திய பாடங்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2019இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. 2017-18இல் பதிந்துகொண்டவர்களில் பாடத்தை முடித்தவர்கள் சுமார் 3 விழுக்காடு மட்டுமே. பதிந்துகொண்ட எல்லாருக்கும் முடிக்கும் எண்ணம் இருந்திருக்காது என்பது உண்மைதான். இருந்தாலும் 100இல் 97 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள் என்பதைக் கவனத்தில் வைக்கவேண்டும்.

"பில் கேட்ஸ் படிப்ப முடிக்கலயே, ஸக்கர்பர்க் முடிக்கலயே" என்று சிலர் சொல்வார்கள். இருவரும் முதலில் ஹார்வர்டில் இடம் பிடித்தவர்கள். அந்த வாதத்தை அதோடு விட்டுவிடலாம்.

சொந்தப் படிப்பு கைகொடுக்க வேண்டுமானால், காணொளி பார்ப்பதிலிருந்து செய்து காட்டுவதற்கு மாற வேண்டும். எல்லாரும் ஒரே காணொளியைப் பார்த்து ஒரே "செய்யவேண்டியவை பட்டியல்" செயலியைச் செய்தால், நேர்காணல் செய்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நம் ஊரில் நல்ல மூலப்பொருள் இருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையம் பேருந்து வரும் நேரத் தகவலை டேட்டாமால் மூலம் இலவசமாகத் தருகிறது. அரசாங்கத்தின் பொதுத் தரவுத் தளத்தில் வீவக மறுவிற்பனை விலைகள் இருக்கின்றன. பாட்டிக்குத் தமிழில் பெரிய எழுத்தில் அடுத்த பேருந்தைக் காட்டும் பக்கம் ஒன்றைச் செய்து, அதைப் பாட்டி உண்மையிலேயே ஆறு மாதம் பயன்படுத்தினால் அது நல்ல சான்று. தரவு வராத நாளில் என்ன ஆனது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொல்ல உங்களிடம் கதை இருக்கும். நேர்காணலில் அந்தக் கதைக்குத்தான் மதிப்பு.

இன்னொன்று: உங்கள் நிரலை வேறொருவர் படித்துக் குறை சொல்ல வேண்டும். தனியாகக் கற்பவருக்கு இதுதான் கிடைக்காது. பொதுவெளியில் நடக்கும் திறந்த மென்பொருள் திட்டங்களில் சிறு பிழை ஒன்றைத் திருத்தி அனுப்பினால், முன்பின் தெரியாத ஒருவர் அதை வரி வரியாகத் திருப்பிக் கேள்வி கேட்பார். முதல் முறை முகம் வாடும். ஆனால் காசு கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சி அது.

காசுக் கணக்கு

இங்கே பல குடும்பங்கள் கட்டணத்தை மட்டும் பார்க்கின்றன. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் கணினித் துறைக்குச் சிங்கப்பூரர் செலுத்துவது, அரசாங்க மானியத்துக்குப் பிறகு, ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்குச் சற்று அதிகம். நான்கு ஆண்டுக்கு 32,000 வெள்ளிக்குமேல். பெற்றோரின் மசேநிதியிலிருந்து கல்விக் கடன் எடுக்கலாம் (பிள்ளை பின்னர் வட்டியோடு திருப்பிப் போட வேண்டும்). வசதி குறைந்தோருக்கு உதவித்தொகையும் உண்டு.

ஆனால் பெரிய செலவு அதுவல்ல. அந்த நான்கு ஆண்டு வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம்தான்.

பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயதாரியின் தொடக்கச் சம்பளத்தை மாதம் 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டில் அது 144,000 வெள்ளி. கட்டணத்தையும் சேர்த்தால் பட்டத்தின் உண்மையான விலை ஏறத்தாழ 176,000 வெள்ளி.

வரவு என்ன? பல்கலைக்கழகங்களின் 2024ஆம் ஆண்டுக் கூட்டுக் கருத்தாய்வில், முழுநேர நிரந்தர வேலையில் சேர்ந்த புதிய பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம் 4,500 வெள்ளி. அதாவது பாதிப் பேர் அதற்குமேல் வாங்குகிறார்கள், பாதிப் பேர் அதற்குக் கீழ். எல்லாத் துறைகளையும் சேர்த்த கணக்கு இது. பட்டயதாரியைவிட மாதம் 1,500 வெள்ளி கூடுதல், ஆண்டுக்கு 18,000. போட்ட காசு திரும்பி வரப் பத்து ஆண்டுகள் ஆகும்.

இது தோராயக் கணக்கு. அந்த நான்கு ஆண்டில் பட்டயதாரியின் சம்பளமும் ஏறியிருக்கும். பட்டதாரியின் சம்பளம் பிறகு இன்னும் வேகமாக ஏறலாம். நாற்பது ஆண்டு உழைக்கப் போகும் 20 வயதுக்காரருக்குப் பத்து ஆண்டு பெரிய விஷயமில்லை. ஆனால் வீட்டில் வேறு வருமானம் இல்லாத பிள்ளைக்கு அந்த 3,000 வெள்ளி இப்போதே தேவைப்படலாம். அவரிடம் "எப்படியாவது டிகிரி முடிச்சிடு" என்று சொல்வது சுலபம். வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பகுதிநேரமாகப் பட்டம் படிக்கும் வழி இருக்கிறது. காலம் கூடும், தூக்கம் குறையும், ஆனால் வருமானம் நிற்காது.

எந்தப் பட்டம் என்பதும் முக்கியம். தனியார் கல்வி நிலையங்களில் பட்டம் பெற்றோரைப் பற்றிய அண்மைக் கருத்தாய்வில், முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்கள் பாதிக்கும் குறைவு. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் அது 2024இல் 79.5 விழுக்காடு (அதுவும் முந்திய ஆண்டின் 84.1 விழுக்காட்டிலிருந்து இறங்கியதுதான்). "டிகிரி" என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வித்தியாசம். கடன் வாங்கித் தனியார் பட்டம் படிக்க நினைப்போர் கையெழுத்துப் போடும்முன் இந்த எண்களைப் பார்த்துவிட வேண்டும்.

மலேசியா, இந்தியாவிலிருந்து வர நினைப்போருக்கு

ஜொகூர் பாருவிலோ சென்னையிலோ இருந்துகொண்டு சிங்கப்பூரில் மென்பொருள் வேலை தேடுவோருக்குக் கணக்கு மாறும். இங்கே திறனோடு வேலை அனுமதியும் சேர்ந்துகொள்கிறது.

வேலை அனுமதிச் சீட்டுக்கு 2023 செப்டம்பர் முதல் கம்பாஸ் என்ற புள்ளி முறை நடப்பில் உள்ளது. சம்பளம், கல்வித் தகுதி, நிறுவனத்தில் ஊழியர்களின் பன்முகத்தன்மை, உள்ளூரருக்கு நிறுவனம் தரும் வாய்ப்பு ஆகியவற்றுக்குப் புள்ளிகள். தேர்ச்சி பெற 40 புள்ளி தேவை. கல்வித் தகுதியில் உயர்நிலைப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு 20 புள்ளி, மற்ற பட்டங்களுக்கு 10, பட்டம் இல்லையென்றால் 0. பூச்சியம் வாங்கியும் தேறலாம். ஆனால் மற்ற இடங்களில் ஈடுகட்ட வேண்டும், அதில் பல உங்கள் கையில் இல்லை, நிறுவனத்தின் கையில். அதோடு 2025 தொடக்கத்திலிருந்து குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் பெரும்பாலான துறைகளில் 5,600 வெள்ளி. வயது கூடக்கூட அதுவும் கூடும்.

நிறுவனத்துக்கு உங்களை மிகவும் பிடித்திருந்தாலும் அனுமதி கிடைக்காமல் போகலாம். இணையப் பயிற்சிச் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் இந்தக் கட்டத்தில் அவை பட்டமாகாது. வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், பட்டத்தை விட்டுவிடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டிய காரணம் இதுதான்.

செயற்கை நுண்ணறிவு வந்தாச்சே?

2022 முடிவில் சேட்ஜிபிடி வந்த பிறகு இந்த விவாதத்தின் நிறம் மாறிவிட்டது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் அமெரிக்கச் சம்பளப் பட்டியல் தரவுகளை ஆராய்ந்தார்கள். 22 முதல் 25 வயதுள்ள மென்பொருள் உருவாக்குநர்களின் வேலைகள், 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். படிவம் செய்வது, சிறு பிழை திருத்துவது, சோதனை நிரல் எழுதுவது எல்லாம் முன்பு புதியவருக்குக் கொடுத்துப் பழக்கிய வேலைகள். அதைத்தான் இப்போது இயந்திரம் செய்கிறது. மூன்று மாதப் பயிற்சியில் வேலைக்குப் போகலாம் என்று வாக்குக் கொடுத்த தீவிரப் பயிற்சி முகாம்களை இது முதலில் தாக்கியது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களின் பெயரில் அத்தகைய முகாம்களை நடத்திவந்த 2யூ நிறுவனம் 2024 முடிவில் அவற்றைக் கைவிடுவதாக அறிவித்தது.

இதனால் பட்டத்தின் மதிப்பு கூடிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பட்டதாரிகளுக்கும் முதல் வேலை கிடைப்பது கடினமாகியிருக்கிறது. ஆனால் மேலே பார்த்த தொலைபேசி எண் கணக்கை நினைத்துப் பாருங்கள். இயந்திரம் 5 பில்லியன் ஒப்பீட்டு நிரலையும் எழுதித் தரும், 2 மில்லியன் ஒப்பீட்டு நிரலையும் எழுதித் தரும். எது வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த அளவுக்கு அடிப்படை தெரிந்திருப்பது, எங்கே கற்றாலும் சரி, இப்போது கட்டாயமாகிவிட்டது.

இரண்டுக்கும் நடுவில்

தென்காசியில் பெரிய அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம், 20 ஆண்டுகளுக்கு முன்பே பள்ளி முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சியளித்து வேலைக்கு அமர்த்தத் தொடங்கியது. கவனிக்க வேண்டியது: அங்கே வேலைக்கு எடுப்பவரே பயிற்சியும் கொடுக்கிறார். சல்லடைப் பிரச்சினையே எழவில்லை.

சிங்கப்பூரில் அதற்கு நெருக்கமானவை வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டங்கள். நிறுவனம் முதலில் வேலைக்கு எடுத்துக்கொள்ளும், பயிற்சிக் காலத்தில் சம்பளத்தில் 70 விழுக்காடு வரை அரசாங்கம் நிறுவனத்துக்கு ஆதரவு தரும். 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு 90 விழுக்காடு வரை. அந்த வயதினருக்கு 2024 மே மாதம் முதல் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையும் உண்டு. 2025இலிருந்து குறிப்பிட்ட முழுநேரப் பயிற்சிகளுக்கு மாதம் 3,000 வெள்ளி வரை படித்தொகை கிடைக்கும். நாற்பது வயதில் துறை மாற நினைப்பவர், இவற்றைப் பார்க்காமல் மறுபடியும் நான்கு ஆண்டுப் பட்டத்துக்குப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அவருக்கு ஏற்கெனவே ஒரு துறை தெரியும். தளவாடத்தில் பதினைந்து ஆண்டு இருந்தவர் நிரலும் கற்றால், தளவாட மென்பொருள் செய்யும் நிறுவனத்துக்கு 22 வயதுப் பட்டதாரியைவிட அவர் பயன்படுவார்.

18 வயதுக்காரருக்கு என் பதில் வேறு. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் இடம் கிடைத்து, வீடும் தாங்குமானால், எடுத்துக்கொள்ளலாம். வகுப்பறைக்காக மட்டுமல்ல, வேலைப் பயிற்சி வாய்ப்புகளுக்காகவும், கூடப் படிப்பவர்களுக்காகவும். இடம் கிடைக்காவிட்டால், ஏதாவது ஒரு பட்டம் என்று ஓடுவதைவிட, பட்டயத்தோடு வேலையில் சேர்ந்து பின்னர் பகுதிநேரமாகப் படிப்பது நல்லது.

சொந்தமாகப் படிக்க முடியுமா என்று தன்மேலேயே சந்தேகம் உள்ளவர்கள் சோதித்துப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. 2013இல் பாரிஸில் தொடங்கிய '42' என்ற நிரல் பள்ளிக்கு ஆசிரியர்கள் கிடையாது, கட்டணம் கிடையாது, பழைய மதிப்பெண்களும் கேட்பதில்லை. மாணவர்கள் ஒருவர் நிரலை ஒருவர் திருத்திக் கற்கிறார்கள். கோலாலம்பூரில் சன்வே பல்கலைக்கழகத்தோடு இணைந்தும், சிங்கப்பூரில் 2023 முதல் சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தும் அது இயங்குகிறது. சேர்வதற்கு முன் சில வாரத் தேர்வுக் காலம் உண்டு. அதற்கு வைத்திருக்கும் பிரெஞ்சுப் பெயரின் பொருள் நீச்சல் குளம். தினமும் புதிய கணக்கு, யாரும் சொல்லித் தரமாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் தேற வேண்டும். நான்கு ஆண்டையோ 32,000 வெள்ளியையோ இறக்குவதற்கு முன், குளத்தில் சில வாரம் இறங்கிப் பார்த்துவிடலாம்.